கேட்கத் தெரிந்தால் எழுத வரும்

நம் சங்க மலருக்குக் கதையும் கவிதையும் குறைவின்றி வருகின்றன. நம்மிடையே வாழும் ஒருவரைக் கண்டு பேசி, அவர் வாழ்க்கையை உள்ளது உள்ளபடி எழுதும் கட்டுரையோ அரிதாக இருக்கிறது. கற்பனை வேண்டாத எளிய வேலை என்று சிலர் அதனை எண்ணுகின்றனர். அது எளிதன்று. கதை மாந்தர் நம் எதிரே வந்து, 'நான் இப்படிச் சொல்லவில்லையே' என்று கேட்கமாட்டார். பேட்டி தந்தவர் கேட்பார். கேட்க அவருக்கு உரிமையும் உண்டு.

நல்ல பேட்டிக்கு அடிப்படை எது? பெரிய கேள்விகளை விடுத்துச் சிறிய கேள்விகளைக் கேட்பதே.

ஜான் ஹெர்சி என்ற அமெரிக்க எழுத்தாளர் 1946இல் ஹிரோஷிமாவுக்குச் சென்றார். அணுகுண்டுக்குத் தப்பிய 6 பேரின் வரலாற்றை எழுதினார். 'நியூயார்க்கர்' பத்திரிகை தன் 1946 ஆகஸ்டு 31ஆம் நாள் இதழ் முழுவதையும் அக்கட்டுரைக்கே ஒதுக்கியது. குண்டு வெடித்த காலை 8.15 மணிக்கு அந்த அறுவரும் என்ன செய்துகொண்டிருந்தனர் என்பதிலிருந்து அது தொடங்குகிறது. அலுவலகப் பெண் ஒருத்தி பக்கத்து மேசைப் பெண்ணிடம் பேசத் தலையைத் திருப்புகிறாள். மருத்துவர் ஒருவர் செய்தித்தாள் படிக்க உட்காருகிறார். கணவனை இழந்த தாய் ஒருத்தி அடுக்களைச் சன்னலருகே நிற்கிறாள். 'பேரழிவின்போது உங்கள் மனநிலை யாது?' என்ற கேள்வி இவற்றைக் கொண்டுவருமா? 'அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? எங்கே இருந்தீர்கள்?' என்ற கேள்விகளே கொண்டுவரும்.

நம் விடுதிச் சமையற்காரரிடம் போய், 'வடநாட்டு வாழ்க்கை எப்படி இருக்கிறது, அண்ணே?' என்று கேட்டுப் பாருங்கள். 'ஏதோ போகிறது, தம்பி' என்பார். அதற்குமேல் அவர் சொல்ல என்ன இருக்கிறது? 'முதன்முதல் ரயிலேறியபோது கையில் என்ன கொண்டுவந்தீர்கள்? வந்து இறங்கிய இரவு எங்கே படுத்தீர்கள்? முதல் சம்பளத்தில் வீட்டுக்கு எவ்வளவு அனுப்பினீர்கள்?' என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பேசத் தொடங்குவார்.

கேட்டபின் காத்திருக்கவும் வேண்டும். பதில் சற்றுத் தாமதித்தால், அடுத்த கேள்வியைப் போட்டு அந்த இடைவெளியை நிரப்பிவிடுகிறோம். எதிரிலிருப்பவர் நினைவைத் தேடிக்கொண்டிருக்கும் நேரம் அது. அதைக் கெடுக்கலாகாது.

சிலரது மௌனம் இதனினும் ஆழமானது. டெல்லி எழுத்தாளர் ஊர்வசி புட்டாலியா, 1947ஆம் ஆண்டுப் பிரிவினையில் துன்புற்றவர்களைத் தேடிச் சென்று பேசி, 1998இல் ஒரு நூல் வெளியிட்டார். பெண்கள் தங்களைப்பற்றிப் பேசத் தயங்கினர். தங்களிடம் சொல்லத்தக்கது ஏதுமில்லை என்றும் கூறினர். அவர்களுடைய பழைய புண்ணைக் கிளற எனக்கு என்ன உரிமை என்ற வினாவை அந்நூலிலேயே அவர் தமக்குள் எழுப்புகிறார். பேட்டி காணும் ஒவ்வொருவரும் கேட்டுக்கொள்ள வேண்டிய வினா அது.

எழுதும்போதும் சில நெறிகள் உண்டு. அவர் சொல்லாததை மேற்கோள் குறிக்குள் வைக்கக் கூடாது. நாமே ஊகித்ததை அவர் வாய்மொழியாகக் காட்டவும் கூடாது. நினைவு பிசகுவது இயல்பு. ஆதலால் ஆண்டு, ஊர், தொகை ஆகியவற்றை வேறு வழியிலும் சரிபார்க்க வேண்டும். அச்சுக்கு அனுப்புமுன் அவர் கூறியவற்றை அவருக்கே படித்துக் காட்டுவது நன்று. தமிழ் படிக்கத் தெரியாதவராயின் அவர் மொழியில் எடுத்துச் சொல்லலாம்.

இன்னொன்று மிக முக்கியமானது. விடுதி மேலாளரைப்பற்றிச் சமையற்காரர் மனம் திறந்து குறை சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதைப் பெயருடன் வெளியிட்டால் நமக்குப் பாராட்டு; அவருக்கோ வேலை போகும். பேசிய வேகத்தில் அவர் அதை எண்ணியிருக்கமாட்டார். எண்ணிப் பார்த்து, அவரிடம் எடுத்துச் சொல்லி, அவர் ஒப்புதலைப் பெறுவது நம் கடமை. அவர் வேண்டாம் என்றால் பெயரை விட வேண்டும். பெயரை விட்டாலும் அடையாளம் தெரியுமாயின் அச்செய்தியையே விட வேண்டும்.

நண்பர்களே, இந்த வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். நாள்தோறும் பார்த்தும் பேசாத ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். 5 சிறிய கேள்விகளை எழுதிக்கொள்ளுங்கள். அவருக்கு ஓய்வான வேளை எது என்று கேட்டுப் போய் உட்காருங்கள். நீங்கள் குறைவாகப் பேசுங்கள். திரும்பியதும், நினைவு மங்குமுன் அன்றிரவே எழுதிவிடுங்கள். அடுத்த மலரில் நாம் படிக்க விரும்புவது அந்தக் கட்டுரையைத்தான்.