கச்சானுக்கு முந்தி வேர்பிடிக்க ஒரு நிழல்மரம்

திருகோணமலையில் ஒக்டோபரில் தொடங்கும் மாரி ஜனவரியோடு ஓய்ந்துவிடும். பிறகு வெயில், மே மாதமளவில் மேற்கிலிருந்து கச்சான் காற்று அனலாக வீசும். அதற்குள் எவ்வளவு வேர்விட்டதோ, அவ்வளவுதான் கன்றுக்குப் பலம். ஆகவே முதல் மழையோடு நட்டுவிடுங்கள்.

1. மண்ணுக்கேற்ற மரம்: உப்புவெளி, நிலாவெளிக் கரையோர மணலுக்கு உப்புக்காற்றைத் தாங்கும் புன்னையோ பூவரசோ பொருந்தும். புன்னை மெல்லத்தான் வளரும். நிழல் அடர்த்தியாக இருக்கும். உவர்மலை போன்ற மேட்டுநிலத்துக்கு வேம்பு. தம்பலகாமத்து வயலோர வளவுகளில் நீர் தேங்கினால் வேம்பு அழுகிவிடும். ஆற்றங்கரை மரமான மருதை தாக்குப்பிடிக்கும்.

2. இடம்: சுவரைச் சுடவைப்பது பின்னேர வெயில். எனவே வீட்டுக்கு மேற்கே அல்லது தென்மேற்கே, சுவரிலிருந்து 20 அடியாவது தள்ளி நடுங்கள். கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இன்னும் விலகியிருக்கட்டும். மின்கம்பிக்குக் கீழே வேண்டாம். பெருங்காற்றில் மரம் கம்பிமேல் சாயலாம்; 1964 டிசம்பரில் சூறாவளி புகுந்த கரை இது.

3. கன்று: உயரத்தைப் பார்த்து வாங்காதீர்கள். தண்டு ஒற்றையாக, உறுதியாக இருக்க வேண்டும். பைக்குள் வேர் வட்டமாகச் சுற்றியிருந்தால் வேறு கன்றைக் கேளுங்கள்.

4. நடுகை: 2 அடி அகலம், 2 அடி ஆழத்தில் குழி. மணல் வளவென்றால் உக்கிய மாட்டெருவை மண்ணோடு கலந்து நிரப்புங்கள். பையைக் கிழித்து, வேர் தொடங்கும் கழுத்து நிலமட்டத்தில் நிற்கும்படி வையுங்கள். தாழ்த்தினால் அடித்தண்டு அழுகும்.

5. காவல்: நகரத்தில் ஆடு மாடு மட்டுமல்ல, பிரெட்றிக் கோட்டைப் பக்கத்துப் புள்ளிமான்களும் குருத்தைக் கடிக்கும். ஆளுயரத்துக்குக் கம்பிவலை அடியுங்கள். மேற்குப் பக்கம் கிடுகு கட்டினால் காற்றும் மறியும்.

6. தண்ணீர்: முதல் இரண்டு கோடைக்கும் வாரம் இருமுறை, ஆறுதலாக, ஆழமாக ஊறும்படி ஊற்றுங்கள். தினமும் தெளித்தால் வேர் மேலேயே தங்கிவிடும். கன்றைச் சுற்றிப் பாத்தி கட்டி, அதைச் சருகால் மூடி, தண்டைச் சுற்றி ஒரு சாண் வெறுமையாக விடுங்கள். மரம் பருக்கப் பருக்கப் பாத்தியையும் அகட்டுங்கள்.

7. கவ்வாத்து: மூன்றாம் ஆண்டிலிருந்து கீழ்க்கிளைகளைச் சிறிது சிறிதாகக் கழியுங்கள். தண்டு இரண்டாகக் கவர்விட்டால் ஒன்றை அகற்றுங்கள். உச்சியை மட்டும் தறிக்காதீர்கள். அங்கே முளைக்கும் கிளைகளுக்குப் பிடிமானம் குறைவு, மாரிப் பெருங்காற்றில் முதலில் முறிவதும் அவைதான்.