ஒரு முகவரி, பல குடித்தனங்கள்

இணையவழி விளையாட்டு ஒன்றில் நுழைய முற்படும் இளைஞரின் திரையில், அவருடைய ஐ.பி. முகவரி தடுக்கப்பட்டுள்ளதாக ஓர் அறிவிப்பு தோன்றுகிறது. அவர் எந்த விதியையும் மீறியவர் அல்லர், கடவுச்சொல்லும் சரியானதே. பொழுதுபோக்கில் நேர்ந்த சிறு தொல்லை என்று இதனை ஒதுக்கிவிடலாகாது. தேர்வு விண்ணப்பத் தளமோ கல்வி உதவித்தொகைத் தளமோ இதே முறையில் கதவை அடைக்கக் கூடுமாதலின், மாணவரும் அலுவலரும் இதன் காரணத்தை அறிந்திருத்தல் நலம்.

இணையத்தில் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் முகவரி வேண்டும். நெடுங்காலமாக வழக்கிலுள்ள நான்காம் பதிப்பு முகவரி 32 பிட்டுகளால் ஆனது. ஆகவே மொத்த முகவரிகள் ஏறத்தாழ 429 கோடி மட்டுமே. உலகப் பொதுக் கையிருப்பில் எஞ்சியிருந்த கடைசித் தொகுதிகள் 2011 பிப்ரவரியில் பகிர்ந்தளிக்கப்பட்டுவிட்டன. அவ்வாண்டு ஏப்ரலில் ஆசிய-பசிபிக் வட்டாரப் பதிவகமும் தன் இறுதித் தொகுதியைத் தொட்டு, பங்கீட்டு முறைக்கு வந்தது. நம் நாட்டில் கைபேசி இணையம் பெருகியதோ பெரும்பாலும் அதற்குப் பின்னர்தான். பந்தி முடியும் நேரத்தில் வந்து அமர்ந்தவர்களின் நிலை நம்முடையது.

இப்பற்றாக்குறையைச் சமாளிக்க, இணைய சேவை நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்தளிக்கின்றன. ஒவ்வொரு முகவரிக்கும் 65,536 போர்ட் எண்கள் உண்டு. அவற்றைக் கொண்டு ஒருவரின் தொடர்பு மற்றவருடையதிலிருந்து பிரித்தறியப்படுகிறது. ஒரே கதவிலக்கத்துக்குள் பல குடித்தனங்கள் இருக்க, கடிதங்களை உள்ளே ஒருவர் பிரித்துக் கொடுப்பது போன்ற ஏற்பாடு இது. இதற்கென்றே 2012 ஏப்ரலில் 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரிகள் தனியே ஒதுக்கப்பட்டன.

விளையாட்டை நடத்தும் சர்வர் கணினிக்கு இந்த உள் ஏற்பாடு தெரியாது. வெளிக் கதவிலக்கம் மட்டுமே அதன் கண்ணுக்குப் படும். ஒரு கல்லூரி விடுதியை எண்ணிப் பார்ப்போம். இருநூறு மாணவர்கள் ஒரே இணைப்பின் வழியே செல்கின்றனர். அவர்களுள் ஒருவர் ஏமாற்று மென்பொருளைப் பயன்படுத்துகிறார். அல்லது ஒருவரின் கணினியில் புகுந்த தீய நிரல், திருடப்பட்ட கடவுச்சொற்களை அவர் அறியாமலே ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்க்கிறது. சர்வர் அம்முகவரியைத் தடுத்ததும் விடுதி முழுவதும் வெளியே நிற்கிறது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இங்கு முற்றிலும் பொருந்தும். விடுதி நிர்வாகமோ, குற்றம் செய்தவர் யார் என்பதை அம்முகவரியைக் கொண்டு மட்டும் சொல்ல இயலாது.

எனவே, முதலில் தடை எங்கே விழுந்துள்ளது என்று தெளிதல் வேண்டும். வீட்டு இணைப்பில் நுழைய மறுக்கும் அதே கணக்கு, கைபேசித் தரவின் வழியே நுழைய அனுமதித்தால் தடை முகவரியின் மீதுதான். எந்த இணைப்பிலும் நுழைய இயலாவிடில் கணக்கே முடக்கப்பட்டிருக்கலாம். அல்லது சர்வர் பழுதுற்றிருக்கலாம். பிற பயனாளர்களிடம் விசாரித்தால் இது தெளிவாகும். வி.பி.என். இயங்கிக்கொண்டிருந்தால் அதனை நிறுத்திவிட்டுப் பார்ப்பது அவசியம்; அத்தகைய சேவைகளின் முகவரிகளைப் பல விளையாட்டு நிறுவனங்கள் மொத்தமாகவே தடுத்துவைக்கின்றன. தடையை மீற வி.பி.என். தேடுவோர் இதனை மறந்துவிடுகின்றனர்.

தவறான கடவுச்சொல்லைப் பலமுறை இட்டதால் வரும் தடை பெரும்பாலும் தற்காலிகமானது. பொறுத்திருப்பதே அதற்கு மருந்து. விடாமல் முயல்வது தடைக் காலத்தை நீட்டக்கூடும்.

அடுத்து, ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் வெளிப்புற முகவரியாகக் காட்டப்படும் எண்ணை, முகவரி காட்டும் இணையதளங்களில் தெரியும் எண்ணோடு ஒப்பிட வேண்டும். இரண்டும் வேறாயின் நாம் பகிர்ந்த முகவரியில் இருக்கிறோம். ரவுட்டரை அணைத்து மீண்டும் இயக்கினால் புதிய முகவரி கிடைக்கலாம். பகிர்ந்த முகவரியாயின் அதே பொது எண் திரும்ப வரவும் கூடும். இரண்டும் ஒன்றேயாயின், ஐயத்துக்குரியது பெரும்பாலும் நம் வீட்டுக் கருவிகளே. அவற்றைத் துப்புரவு செய்வதற்கான இலவசக் கருவிகளை, மத்திய அரசு 2017-இல் தொடங்கிய சைபர் ஸ்வச்சதா கேந்திரா மையம் வழங்குகிறது. அதன்பின் விளையாட்டு நிறுவனத்துக்கு எழுதும்போது கணக்கின் பெயர், பொது முகவரி, நிகழ்ந்த தேதி, இந்திய நேரம் என்று குறிப்பிட்ட மணி நிமிடம், திரையில் வந்த வாசகம் ஆகியவற்றைத் தர வேண்டும். கடவுச்சொல்லைத் தரலாகாது. சேவை நிறுவனத்திடம் தனிப் பொது முகவரி கோரலாம். அதற்குக் கூடுதல் கட்டணம் கேட்கப்படலாம்.

சட்டப்படியான தடை முற்றிலும் வேறு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-ஏ பிரிவின் கீழ் 2020 செப்டம்பர் 2-ஆம் நாள் 118 செயலிகள் தடுக்கப்பட்டபோது, பப்ஜி மொபைலும் அவற்றுள் ஒன்று. அங்கு ரவுட்டரை அணைத்து இயக்குவது வீண் வேலை.

பொதுத் தளங்களை நிர்வகிக்கும் அலுவலர்களுக்கும் இதில் ஒரு பொறுப்பு உண்டு. சர்வர்கள் முகவரியோடு போர்ட் எண்ணையும் துல்லியமான நேரத்தையும் பதிவு செய்ய வேண்டும் என்று இணையப் பொறியியல் பணிக்குழுவின் வெளியீடு 2011-லேயே பரிந்துரைத்தது. இவ்விரண்டும் இல்லாத பதிவேட்டைக் கொண்டு சேவை நிறுவனத்தால்கூட உரியவரைக் கண்டறிய இயலாது. முகவரியை அடைப்பதினும் கணக்கை அடைப்பது நேர்மையானது. முகவரியை அடைத்தே தீர வேண்டுமாயின் அதற்குக் காலவரம்பு வேண்டும்.

128 பிட்டுகள் கொண்ட ஆறாம் பதிப்பு இந்த நெருக்கடியை நீக்க வல்லது. தொலைத்தொடர்புத் துறை அதற்கான செயல்திட்டத்தை 2010-லும், அதன் இரண்டாம் பதிப்பை 2013-லும் வெளியிட்டது. நம் கைபேசி இணைப்புகளில் பெரும்பகுதி இன்று அதனை ஏற்றுள்ளது. எனினும், எதிர்ப்புறத்தில் உள்ள விளையாட்டு சர்வர் நான்காம் பதிப்பில் மட்டுமே இயங்குமாயின், பயனாளர் பகிர்ந்த பழைய கதவிலக்கத்தின் வழியாகவே அதனை அடைய நேரிடும்.