பார்லி இல்லாத பீர்

கேள்வி: கோதுமையும் பார்லியும் எனக்கு ஆகாது. வெள்ளைச்சோள பீர் குடிக்கலாமா? தொட்டுக்கொள்ள என்ன?
– வாசகர், ஈப்போ

பதில்: சோளத்தில் குளூட்டன் கிடையாது. ஆனால் சில பீர்களில் சோளத்தோடு பார்லியும் சேரும்; புட்டியில் ‘குளூட்டன் இல்லை’ என்றிருக்கிறதா பாருங்கள். 1988இல் நைஜீரியா பார்லி இறக்குமதியைத் தடுக்க, அங்கே பெரிய ஆலைகளே சோளத்துக்கு மாறின. சோள பீரில் நுரை சீக்கிரம் அடங்கும். லேசான இனிப்பு, பின்னால் ஒரு புளிப்பு. பொரித்த நெத்திலி, கருவாட்டுச் சம்பல் இரண்டும் பொருந்தும். தாவ்கே கோழி வேண்டாம்! கோழியில் குற்றமில்லை, மேலே ஊற்றும் சோயா கிச்சாப்பில் பெரும்பாலும் கோதுமை உண்டு.

என்னைக் கேட்டால், பேராக் ரப்பர் தோட்டங்களில் நம் தாத்தாக்கள் குடித்த தென்னங்கள்ளே மேல். அதில் தானியமே இல்லை. காலையில் இறக்கியது இனிக்கும். மாலைக்குள் புளித்துக் காரமேறிவிடும். அதற்கு மிளகு தூக்கலான ஆட்டு வறுவல்தான் சரி.