பத்துப் பழம் பத்து விதம்

நான் பார்ப்பது குவாலிட்டி வேலை. ஒரகடம் ரோட்டில், கார்களுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனி. டிராயிங்கில் போட்ட அளவைத் தாண்டிய பீஸுக்குச் சிவப்பு டேக் கட்டி ஓரமாக வைப்பதுதான் பதினோரு வருடப் பிழைப்பு. அந்தப் புத்தியோடு சமையலறைக்குள் போனதால்தான், பட்டர் ஃப்ரூட்டை மசித்துச் செய்யும் மெக்சிகோ நாட்டுக் குவாக்கமோலே எனக்கு ஆறு மாதம் கைகூடவில்லை என்று நினைக்கிறேன்.

கம்பெனியில் புது லைன் போட்டபோது மெக்சிகோவிலிருந்து ஒரு இன்ஜினியர் மூன்று வாரம் வந்திருந்தார். கேன்டீன் சாம்பாரை மரியாதைக்குச் சாப்பிடுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மறைமலை நகரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தேன். பின்கட்டில் கிடந்த அம்மியைப் பார்த்தவர் அங்கேயே குந்திவிட்டார். "மெத்தாத்தே!" என்றார். அவர் பாட்டி வீட்டிலும் இப்படிக் கல்லும் குழவியும் உண்டாம். மிளகாய் நசுக்க மூன்று காலோடு எரிமலைக் கல்லில் குடைந்த கிண்ணம் தனியாக, அதன் பேர் மோல்கஹேத்தே. ஊருக்குக் கிளம்பும்முன் ஒரு தாளில் குவாக்கமோலே செய்முறை எழுதிக் கொடுத்தார். மூன்று பழம், ஒரு வெங்காயம், இரண்டு மிளகாய், இத்தனை உப்பு. எனக்கு அது டிராயிங் மாதிரி தெரிந்தது. அப்படியே செய்தேன். அப்படியே கெட்டது.

முதல் தடவை பழத்திலேயே தப்பு. தாளில் 'தோல் கறுத்ததும் எடு' என்று இருந்தது. நான் வாங்கியது பச்சைத் தோல். கறுக்கட்டும் என்று காத்திருந்தேன். கறுத்தபோது உள்ளே அழுகல். அடுத்த தடவை பயத்தில் சீக்கிரம் வெட்டினேன். சோப்பைக் கடித்த மாதிரி இருந்தது. மூன்றாவது தடவை பழம் சரியாக அமைந்தும், எல்லாவற்றையும் மிக்சியில் போட்டு ஓட்டியதில் ஷேவிங் கிரீம் பதத்துக்கு வந்துவிட்டது. நான்காவது தடவை அம்மா குறுக்கே வந்தாள். "தாளிக்காம என்னடா துவையல்?" என்று காய்ந்த எண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு போட்டுக் கொட்டினாள். அன்றுதான் தெரிந்தது, இந்தப் பழத்தில் சூடு ஏறினால் கசக்கும் என்று. தாளிப்பு வேண்டுமென்றால் தனியாகத் தாளித்து, நன்றாக ஆறவிட்டு, மேலே தூவிக்கொள்ளலாம். இப்போது அம்மா அப்படித்தான் செய்கிறாள், நன்றாகவே இருக்கிறது.

கோளாறு எங்கே என்பது பிறகு புரிந்தது. அவர் எழுதிய தாள் 'ஹாஸ்' என்ற ரகத்துக்கு. கலிபோர்னியாவில் ருடால்ஃப் ஹாஸ் என்ற தபால்காரர் தன் தோட்டத்தில் வளர்ந்த ஒரே ஒரு மரத்துக்கு 1935-ல் காப்புரிமை வாங்கினார். உலகம் முழுக்க இன்று விற்கும் ஹாஸ் பழமெல்லாம் அந்த ஒரு மரத்திலிருந்து ஒட்டுக் கட்டிக் கட்டிப் பெருகியவை. தாய்மரம் 2002-ல் பட்டுப்போனது. ஆனால் எங்கே வாங்கினாலும் அதே பழம், பழுத்தால் அதே கறுப்பு. எங்கள் லைனில் வரும் பீஸ் மாதிரி.

நம் ஊருக்கு வருவதோ கொடைக்கானல் கீழ்மலை, குடகு, வயநாடு பக்கத்துப் பழம். தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காப்பித் தோட்டங்களில் ஊடே நிற்கும் மரங்கள். தடியன்குடிசையில் இருக்கும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையம் டிகேடி 1 என்று நல்ல ரகம் ஒன்றைக் கொடுத்திருக்கிறது. ஆனாலும் பழைய மரங்கள் பலவும் கொட்டை போட்டு முளைத்தவை. கொட்டையில் முளைத்தது தாயைப் போல இருக்காது. ஒன்று உருண்டை, ஒன்று சுரைக்காய் கழுத்து. ஒன்று பழுத்தும் பச்சை, ஒன்று ஊதா. ஒன்றில் வெண்ணெய், ஒன்றில் பாதி தண்ணீர். ஒரே கூடையில் பத்துப் பழம் எடுத்தால் பத்தும் பத்து விதம். இதற்கு டாலரன்ஸ் போட முடியாது. ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, வெட்டியதும் ஒரு துண்டு வாயில் போட்டுப் பார்த்துத்தான் மற்றதெல்லாம்.

ஸ்டேஷன் பக்கம் தள்ளுவண்டிக்காரரிடம்தான் வாங்குகிறேன். 'வெண்ணெய்ப் பழம்' என்று கேட்டால் ஒரு நொடி முழிப்பார். 'பட்டர் ஃப்ரூட்' என்றால் உடனே கை நீளும். 1916-ல் தனித்தமிழ் இயக்கம் தொடங்கி, வேதாசலம் என்ற தன் பேரையே மறைமலை என்று மாற்றிக்கொண்டவரின் பேரில் இருக்கும் ஊர் இது! இலங்கைத் தமிழர்கள் 'ஆனைக்கொய்யா' என்கிறார்கள். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது, வண்டிக்காரரிடம் சொல்லத்தான் துணிச்சல் வரவில்லை.

ஆடி, ஆவணியில் மலிவாகக் கிடைக்கும். நிறத்தைப் பார்க்காதீர்கள். காதோரம் வைத்துக் குலுக்குங்கள். பல மலை ரகங்களில் முற்றியிருந்தால் கொட்டை லொடலொட என்று ஆடும். கெட்டியாக இருக்கும் பழத்தையே வாங்குவேன். பத்துப் பேர் அமுக்கிப் பார்த்த பழத்தின் உள்ளே கன்றியிருக்கும். இந்தப் பழம் மரத்தில் பழுக்காது, பறித்த பிறகுதான் இளகும். அதனால் வீட்டில் பழுக்க வைப்பதில் தப்பில்லை. அரிசி வாளிக்குள், பழுத்த வாழைப்பழம் ஒன்றோடு புதைத்து வையுங்கள். மூன்று நான்கு நாள். தினமும் ஒரு தடவை பாருங்கள். காம்புப் பக்கத்தை உள்ளங்கையால் லேசாக அழுத்தினால் அமுங்க வேண்டும். மிச்சமிருக்கும் காம்புத் துண்டைத் தள்ளினால் சுலபமாக விழுந்து, அடியில் இளமஞ்சள் பச்சை தெரிந்தால் அன்றைக்கே செய்துவிடலாம். பழுப்பாகத் தெரிந்தால் ஒரு நாள் தாமதித்துவிட்டீர்கள். பழுக்கும் முன் ஃபிரிட்ஜில் வைத்தால் அது சரியாகப் பழுக்காமல் ரப்பராகிவிடலாம். பழுத்த பிறகு வைத்தால் இரண்டு நாள் தாங்கும்.

கொட்டையைக் கத்தியால் கொத்தி எடுக்கும் வீடியோவைப் பார்த்து நானும் கொத்தினேன். இடது கையில் மூன்று தையல். கரண்டி போதும்.

இனி அம்மி. முதலில் கல்லுப்பு, பச்சை மிளகாய், நாலைந்து சின்ன வெங்காயம், கொத்தமல்லித் தண்டு. இவற்றை மட்டும் நைய அரைக்க வேண்டும். கல்லுப்பின் சொரசொரப்புதான் அங்கே வேலை செய்கிறது. நம் மிளகாய் அவர்களுடைய ஹலப்பேன்யோவைவிடக் காரம். மூன்று பழத்துக்கு ஒன்று போதும், உள்ளே இருக்கும் வெள்ளை நரம்பை வழித்துவிட்டால் குழந்தைகளும் சாப்பிடுவார்கள். விழுதை ஒரு சட்டியில் வழித்து, அதன்மேல் பழத்தைப் போட்டு மத்தின் அடியால் நாலு குத்து. பாதி மசிந்தும் பாதி துண்டாகவும் நின்றுவிட வேண்டும். பல்லில் எதுவும் அகப்படாவிட்டால் அது குவாக்கமோலே இல்லை.

பழம் தண்ணீர் விட்டதாக இருந்தால் தக்காளியே வேண்டாம். வெண்ணெய் மாதிரி இருந்தால், விதையும் சாறும் நீக்கிய தக்காளிச் சதையைப் பொடியாக நறுக்கிச் சேருங்கள். எலுமிச்சைச் சாறு கடைசியில், சொட்டுச் சொட்டாக, ருசி பார்த்துப் பார்த்து. மலைப்பழத்தில் லேசான தித்திப்பு இருக்கும். புளிப்பும் உப்பும் ஒரு கை தூக்கலாக வைத்தால்தான் எழும்பி நிற்கும். ஜூஸ் கடையில் சர்க்கரையும் பாலும் அடித்தே இந்தப் பழத்தை அறிந்த நாக்குக்கு முதல் வாய் திகைப்பாகத்தான் இருக்கும். இரண்டாவது வாய் வரை பொறுங்கள்.

அம்மா கேட்டாள்: "இதுல அவங்க ஊரு சாமான் எதுவும் இல்லையேடா, எல்லாம் நம்ம வீட்டுல இருக்கறதுதானே?" பாதி உண்மை. பழமும் மிளகாயும் தக்காளியும் அந்தப் பக்கத்திலிருந்து இங்கே வந்தவை. வெங்காயம், கொத்தமல்லி, எலுமிச்சை மூன்றும் ஸ்பானியர்கள் கப்பலேறிப் போன பிறகு அங்கே போனவை. அஸ்டெக் மக்களின் நாவாட்ல் மொழியில் அஹுவாகட்ல் என்றால் இந்தப் பழம், மோல்லி என்றால் அரைத்த கூட்டு. "அப்ப துவையல்தான்" என்று முடித்துவிட்டாள்.

கறுத்துப் போவதுதான் எல்லோருக்கும் இருக்கும் தொல்லை. காற்றுப் பட்டதும் சதையில் இருக்கும் நொதி வேலையைத் தொடங்கிவிடும். நடுவில் கொட்டையைப் புதைத்தால் கறுக்காது என்பார்கள். கொட்டை மூடிய இடம் மட்டும் கறுக்காது, அவ்வளவுதான். நான் டப்பாவில் அழுத்தி நிரவி, மேலே அரை விரல் உயரத்துக்குக் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி மூடிவிடுகிறேன். காலை ஐந்தரைக்குக் கம்பெனி பஸ்ஸில் ஏறினால் பத்தரை டிபன் வரை பச்சை பச்சையாகவே இருக்கிறது. தண்ணீரைச் சாய்த்துக் கொட்டி ஒரு கிளறு கிளறினால் போதும். தக்காளி போட்டிருந்தால் இந்த வித்தை வேண்டாம், நீர்த்துவிடும்.

தொட்டுக்கொள்ள மக்காச்சோளச் சில்லு பாக்கெட்டெல்லாம் வாங்கிப் பார்த்தேன். தட்டை அதைவிட நன்றாக இருக்கிறது, ஓரத்தில் அள்ளினால் உடையாது. பொரித்த ஜவ்வரிசி வத்தலும் சரி. அப்பளம் நமத்துப்போகும். எங்கள் டிபன் மேசையில் ஒருவர் இட்லிக்குத் தொட்டுக்கொள்கிறார், அவரைத் திருத்த முடியவில்லை.

மிச்சமானால் மறுநாளுக்கு வைக்காதீர்கள். ராத்திரியே கெட்டித் தயிரில் கலக்கி, கொஞ்சம் சீரகப் பொடி தூவிப் பச்சடியாக்கிவிடுங்கள். சப்பாத்திக்குப் போய்விடும்.