லித்தியத்துக்கு மேலே ஒரு மாத்திரை
(இளம் மனநல மருத்துவருக்கு ஒரு திறந்த மடல்)

அன்புத் தம்பிக்கு,

நீ போனில் கேட்டது இரண்டு வரியில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. உன்னோடு எம்.டி. முடித்துவிட்டு இப்போதுதான் மாலை நேர கிளினிக் திறந்திருக்கும் மற்றவர்களுக்கும் இதே கேள்வி வரும். அதனால் எல்லோரும் படிக்கிற மாதிரியே எழுதிவிடுகிறேன்.

உன் கேள்வி இது. பைபோலார் உள்ள இளைஞர், லித்தியத்தில் ஓரளவு நிலையாக இருக்கிறார், ஐ.டி. வேலை. "வேலையில மனசு நிக்க மாட்டேங்குது டாக்டர், எனக்கு ஏடிஹெச்டி இருக்குன்னு நினைக்கிறேன்" என்று வந்து உட்கார்ந்து, மெத்தில்ஃபெனிடேட்டைப் பெயர் சொல்லியே கேட்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்கலாம். ஆனால் அது வரிசையில் கடைசியாக வரவேண்டிய மாத்திரை. அதற்கு முன்னால் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தாயா என்பதில்தான் அபாயம் கூடுவதும் குறைவதும் இருக்கிறது.

ஸ்வீடன் ஆய்வை நீ படித்திருப்பாய், 2017-இல் அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் சைக்யாட்ரியில் வந்தது. அந்த நாட்டின் பதிவேடுகளிலிருந்து, 2006-க்கும் 2014-க்கும் இடையில் மெத்தில்ஃபெனிடேட் தொடங்கிய 2,307 பைபோலார் நோயாளிகளை எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொருவரையும் அவரோடேயே ஒப்பிட்டார்கள்: மருந்துக்கு முன் எப்படி, பின் எப்படி. மூட் ஸ்டெபிலைசர் எதுவும் இல்லாமல் மெத்தில்ஃபெனிடேட் மட்டும் எடுத்தவர்களுக்கு முதல் மூன்று மாதத்தில் மேனியா வரும் அபாயம் 6.7 மடங்கு ஆனது. ஸ்டெபிலைசரோடு சேர்த்து எடுத்தவர்களுக்கு அபாயம் கூடவே இல்லை, 0.6 என்று குறைந்தே இருந்தது.

இந்த இரண்டாவது எண்ணைப் பார்த்துவிட்டு நம் ஆட்கள் சிலர் கருத்தரங்கு மேடையில் ஏறி "ஸ்டெபிலைசர் இருந்தால் பயமே இல்லை" என்கிறார்கள். நீ அப்படிப் படிக்காதே. அந்த 6.7-க்கு நம்பக வரம்பு 2-இல் தொடங்கி 22-ஐத் தாண்டிப் போகிறது. அதாவது அபாயம் உண்டு என்பது உறுதி, எவ்வளவு என்பது உறுதி இல்லை. இன்னொன்று, ஸ்டெபிலைசரோடு மெத்தில்ஃபெனிடேட் வாங்கியவர்கள் யார்? ஒரு மருத்துவர் உட்கார்ந்து யோசித்து, "இவர் தாங்குவார்" என்று தேர்ந்தெடுத்தவர்கள். பதிவேட்டில் மாத்திரை வாங்கியது தெரியும், அந்தத் தேர்வு தெரியாது. ஆகவே 0.6 என்பது மாத்திரைக்கு மட்டும் கிடைத்த மதிப்பெண் இல்லை, அந்த மருத்துவர்களின் கவனத்துக்கும் சேர்த்துக் கிடைத்தது.

மெத்தில்ஃபெனிடேட்டையும் ஆம்ஃபெட்டமினையும் ஒரே கூடையில் போடாதே. முதலாவது, வெளியே வந்த டோபமின் திரும்ப உள்ளே இழுக்கப்படுவதைத் தடுக்கிறது. இரண்டாவது நரம்பு முனைக்குள்ளேயே புகுந்து டோபமினை வெளியே தள்ளுகிறது. நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் 2019-இல் வந்த ஆய்வில், ஏடிஹெச்டிக்காகப் புதிதாக மருந்து தொடங்கிய 13 முதல் 25 வயதுக்காரர்களில் சைக்கோசிஸ் வந்தது மெத்தில்ஃபெனிடேட்டில் 0.10 சதவீதம், ஆம்ஃபெட்டமினில் 0.21 சதவீதம். இரண்டுமே சின்ன எண்கள்தான், ஆனால் ஒன்று மற்றதைப் போல் இரு மடங்கு. 2024-இல் பாஸ்டன் பக்கத்திலிருந்து வந்த ஆய்வு இன்னும் தெளிவாகச் சொன்னது. முதல்முறையாக சைக்கோசிஸ் அல்லது மேனியாவோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்த இளைஞர்களை எடுத்துப் பார்த்தால், முந்தைய மாதம் மருத்துவர் எழுதிய ஆம்ஃபெட்டமின் எடுத்திருந்தவர்களுக்கு அவை வரும் வாய்ப்பு இரண்டரை மடங்குக்கு மேல். டெக்ஸ்ட்ரோஆம்ஃபெட்டமின் கணக்கில் நாளொன்றுக்கு 30 மில்லிகிராமைத் தாண்டியவர்களுக்கு ஐந்து மடங்குக்கு மேல். மெத்தில்ஃபெனிடேட்டில் அப்படி ஒரு ஏற்றம் காணப்படவில்லை.

ஆம்ஃபெட்டமின் மனதைக் கலைக்கும் என்பது புதுச் செய்தியும் அல்ல. லண்டனில் கானல் என்ற மருத்துவர் 1958-இலேயே அதற்கென்று ஒரு தனிநூல் எழுதிவிட்டார். தெளிவான நினைவோடு, சந்தேகமும் பயமுமாக வந்த நோயாளிகள். பார்த்தால் ஸ்கிசோஃப்ரினியாவா இதுவா என்று பிரிக்க முடியாது.

இங்கே ஆம்ஃபெட்டமின் மருந்துக்கடையில் கிடைப்பதில்லையே, நமக்கென்ன என்று நினைப்பாய். டிசம்பரில் உட்கார்ந்து பார். நியூஜெர்சியிலிருந்தும் டல்லஸிலிருந்தும் விடுமுறைக்கு வருகிறவர்களின் கைப்பையில் அட்டரால் என்ற ஆம்ஃபெட்டமின் டப்பா இருக்கும். அங்கே எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் மனநோய் இருந்த பெரியப்பாவின் கதையை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அந்தப் பெரியப்பா கதைக்கே வருகிறேன், ஏனென்றால் நம் ஊரில் இந்த மருந்தின் அபாயம் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கிறது. "குடும்பத்தில் யாருக்காவது மனநோய் உண்டா?" என்று கேட்டால் "அப்படியெல்லாம் யாரும் இல்லீங்க" என்றுதான் பதில் வரும். பெண் பார்க்கும் வயதில் பிள்ளை இருந்தால் அந்தப் பதில் இன்னும் வேகமாக வரும். கேள்வியை மாற்று. வீட்டை விட்டுப் போனவர் யாராவது உண்டா? திடீரென்று கடை வைத்து, சொத்தை விற்று, ஊருக்கெல்லாம் அள்ளிக் கொடுத்தவர்? நாள்கணக்கில் தூங்காமல் பேசிக்கொண்டே இருந்தவர்? மந்திரித்துக் கயிறு கட்டப்பட்டவர், கோயிலில் கொண்டுபோய் விடப்பட்டவர், கிணற்றில் விழுந்தவர்? "அது எங்க சின்ன தாத்தா, அவரு ஒரு மாதிரி" என்று பாட்டி ஒருத்தி வாயைத் திறப்பாள். பாட்டியை உள்ளே அழைத்து உட்கார வை.

அடுத்தது, அது ஏடிஹெச்டியேதானா என்பது. உலக அளவிலான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் பைபோலார் உள்ள பெரியவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு ஏடிஹெச்டியும் உண்டு என்கிறார்கள். ஆக, உன் நோயாளி சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ரீல்ஸ் பார்த்துவிட்டு வந்தான் என்பதற்காகச் சிரித்து அனுப்பிவிடாதே.

ஆனால் ஆறில் ஐந்து பேருக்கு இல்லை. அவர்களுக்கும் மனசு நிற்பதில்லை. பள்ளிக்கூட ரேங்க் கார்டைக் கொண்டு வரச் சொல். நம் அம்மாக்கள் அதைத் தூக்கி எறிவதில்லை. ஒரு மஞ்சப்பையில் பிறப்புச் சான்றிதழ், டிசி எல்லாவற்றோடும் இருக்கும். நாலாம் வகுப்பு கார்டில் "கவனம் இல்லை, பேச்சு அதிகம், பென்சில் ரப்பரைத் தொலைக்கிறான்" என்று டீச்சர் சிவப்பு மையில் எழுதியிருந்தால் அது ஒரு கதை. பதினொன்றாம் வகுப்பு வரை முதல் மூன்று ரேங்குக்குள் இருந்துவிட்டு, கல்லூரி இரண்டாம் வருடத்தில் முதல் மனச்சோர்வு வந்த பிறகு சரிந்திருந்தால் அது வேறு கதை. ஏடிஹெச்டி பன்னிரண்டு வயதுக்கு முன்பே தலைகாட்டியிருக்க வேண்டும். ஆண்டு முழுக்க ஒரே சீராக இருக்கும். பைபோலார் வந்து வந்து போகும்.

அந்த இரண்டாவது கதைக்காரனுக்குக் கவனம் ஏன் சிதறுகிறது? முழுசாக வடியாத மனச்சோர்வாக இருக்கலாம். லித்தியம் தைராய்டைக் குறைத்திருக்கலாம். டிஎஸ்ஹெச் பார்த்து எத்தனை மாதம் ஆகிறது? இரவு பதினோரு மணிக்குப் போடுகிற குவெட்டியபின் மறுநாள் காலை பத்து மணி மீட்டிங் வரைக்கும் தலையில் உட்கார்ந்திருக்கலாம். பழைய சீட்டில் எவரோ எழுதிய குளோனசிபாம் யாரும் நிறுத்தாமலேயே ஓடிக்கொண்டிருக்கலாம். அமெரிக்க கிளையன்டுக்காக இரவு ஷிஃப்ட் பார்க்கலாம். தூங்க வைக்க ஒரு மாத்திரை, அதன் மயக்கம் தெளிய இன்னொரு மாத்திரை என்று சீட்டை நீட்டுவது நம் தொழிலின் பழைய வியாதி. ஒன்றைக் குறைத்துப் பார். பல பேருக்கு அதுவே போதும்.

இதையெல்லாம் பார்த்த பிறகும் ஏடிஹெச்டி உண்மையாகவே இருக்கிறது என்று வை. இப்போது அடித்தளம். "லித்தியம் எடுக்கிறார்" என்று சீட்டில் இருப்பது போதாது. கடைசி மாத்திரை போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து எடுத்த ரத்தத்தில் அளவு 0.6-க்குக் கீழே இருந்தால் காகிதத்தில்தான் லித்தியம் இருக்கிறது. லாமோட்ரிஜின் மட்டும் எடுக்கிறவரிடம் இரு மடங்கு எச்சரிக்கை வேண்டும். அது சோர்வு திரும்புவதைத் தடுக்க நல்ல மருந்து, மேனியாவைத் தடுப்பதில் வலு குறைவு. "ஸ்டெபிலைசர் உண்டு" என்று நினைத்து அதன் மேல் ஸ்டிமுலன்ட்டை ஏற்றினால், அடியில் ஒன்றும் இல்லாமல் ஏற்றியதற்கு அருகில்தான் நிற்கிறாய். பிள்ளை பெறும் வயதுப் பெண்ணுக்கு இதற்காக வால்புரோயேட்டைத் தேடிப் போகாதே என்று உனக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மனநிலை சில மாதமாவது சமமாக ஓடியிருக்க வேண்டும். கலவை நிலையில், எரிச்சலும் சோர்வும் ஒன்றாக இருக்கும்போது, தொடவே தொடாதே. கஞ்சா பழக்கத்தை நேராகக் கேள். அது இருக்கும்போது எது எதைச் செய்தது என்று உன்னால் கண்டுபிடிக்கவே முடியாது. அடோமாக்ஸெட்டின் ஸ்டிமுலன்ட் இல்லையே, அது பத்திரம்தானே என்பார்கள். அதன் மருந்துக் குறிப்பிலும் மேனியா எச்சரிக்கை அச்சாகியிருக்கிறது. மொடாஃபினிலும் அப்படியே. நுழைவுத் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் கண் விழிக்க அதைச் சாதாரணமாக விழுங்குகிறார்கள், நம் மருத்துவ மாணவர்களும்தான். வேறு யாராவது எழுதிக் கொடுத்து அது ஏற்கெனவே ஓடுகிறதா என்று கேட்டுவிடு.

தொடங்கும்போது, உடனடியாகக் கரைகிற பத்து மில்லிகிராம் மாத்திரையில் பாதி, காலையில் மட்டும். மெதுவாகக் கரையும் வகையை உடைக்கக் கூடாது என்று நோயாளியிடம் வாய்விட்டுச் சொல். ஒரு வாரத்துக்கு மேல் சீட்டு எழுதாதே. மறுவாரம் வரும்போது கவனம் எப்படி இருக்கிறது என்பதற்கு முன்னால் தூக்கத்தைக் கேள். "தூக்கம் வரலை, கஷ்டமா இருக்கு" என்றால் மருந்தின் நேரத்தையும் அளவையும் பார்க்கலாம். "நாலு மணி நேரம் தூங்கினாலே போதுமா இருக்கு டாக்டர், சூப்பரா இருக்கேன்" என்றால் அந்த நிமிடமே நிறுத்து. நன்றி சொல்லிக்கொண்டு வருகிற நோயாளியைச் சந்தேகப்படுவது சங்கடமான வேலைதான். முதல் வாரத்திலேயே "என் வாழ்க்கையே மாறிப்போச்சு" என்கிறவரை நான் இரண்டாவது முறை உற்றுப் பார்ப்பேன்.

அவர் சொல்வதை மட்டும் நம்பாமல் வீட்டில் ஒருவரின் எண்ணை வாங்கிக்கொள், நோயாளியின் சம்மதத்தோடுதான். அந்த ஆளிடம் நோயின் பெயரைவிட அடையாளத்தைச் சொல். ஒவ்வொருவருக்கும் மேனியா பெரும்பாலும் அவரவருக்கே உரிய ஒரு வழியில்தான் ஒவ்வொரு தடவையும் தொடங்கும். ஒருவர் விடியற்காலை மூன்று மணிக்குக் குடும்ப வாட்ஸப் குழுவில் நீளநீளமாக எழுதுவார். ஒருவர் யூடியூப் சேனல் தொடங்குவார். இன்னொருவர் குலதெய்வக் கோயில் கும்பாபிஷேகத்தை முழுக்கத் தானே ஏற்பதாகப் பங்காளிகளிடம் வாக்குக் கொடுப்பார். போன தடவை எப்படித் தொடங்கியது என்று மனைவிக்கோ அம்மாவுக்கோ நன்றாகவே தெரியும். அதைத் தேதியோடு கேஸ் ஷீட்டில் எழுதி, "இது நடந்தால் மறுநாள் வரை காத்திருக்காமல் மாத்திரையை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிடுங்கள்" என்று சொல்லிவிடு. மெத்தில்ஃபெனிடேட்டைப் படிப்படியாகக் குறைக்கத் தேவையில்லை, அன்றைக்கே நிறுத்தலாம். லித்தியத்தைத் தவறிக்கூட நிறுத்தக் கூடாது என்பதையும் அதே மூச்சில் சொல். வீட்டில் பதற்றத்தில் எல்லா மாத்திரையையும் சேர்த்து நிறுத்திவிடுவார்கள்.

மேனியா வந்துவிட்டால்? மருந்தை நிறுத்தின சில நாளில் அடங்கிவிட்டால் மருந்தின் வேலை என்று கொள்ளலாம். அதன் பிறகும் முழு மேனியாவாக நீடித்தால், மாத்திரை தொடங்கி வைத்தது என்ற காரணத்தால் அதைக் கணக்கிலிருந்து தள்ளக் கூடாது. டிஎஸ்எம்-5 அதை பைபோலாராகவே எடுத்துக்கொள்கிறது. வெறும் ஏடிஹெச்டி என்று நீ நினைத்துச் சிகிச்சை கொடுத்த புது நோயாளியிடம் இது முக்கியம். "மருந்து ஒத்துக்கலை" என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டால், அடுத்த எபிசோடில் அவர் எங்கே போய் நிற்பார் என்று தெரியாது.

ஆறு மாதம் கழித்து அதே ஆள் திரும்பவும் கேட்பார். வேலை போகும் நிலை என்பார், அது உண்மையாகவும் இருக்கும். மெத்தில்ஃபெனிடேட்டில் முழு மேனியா வந்தவருக்கு நான் அதை இரண்டாம் முறை எழுதுவதில்லை. எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களோடு எனக்குச் சண்டையும் இல்லை. அப்போது மேனேஜருக்கு ஒரு கடிதம், பகல் ஷிஃப்ட், வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்துச் செய்யப் பழக்க ஒரு நல்ல சைக்காலஜிஸ்ட் என்று மாத்திரை இல்லாத வழிகளுக்கு ஒரு முழு மணி நேரம் ஒதுக்கு. மாலை கிளினிக்கில் வெளியே இருபது பேர் உட்கார்ந்திருப்பார்கள் என்பது தெரியும். அவரை ஞாயிறு காலை வரச் சொல்.

அன்புடன்,
உன் பழைய வாத்தியார்