பதிகல் மோதிரமும் உபரத்தினத் தேர்வும்

நவரத்தினங்களைப் பற்றிய நூல்களுக்குத் தமிழில் பஞ்சமில்லை. எந்த இராசிக்கு எந்தக் கல் என்று சொல்லும் சிறு புத்தகங்கள் நம் ஊர்ப் பூசைச் சாமான் கடைகளில்கூடக் கிடைக்கின்றன. ஆனால், ஒரு கல் தன்னைத் தாங்கும் உலோகத்தோடு எப்படி ஒத்துப்போகும், நாள்தோறும் வேலை செய்யும் கையில் எத்தனை காலம் நிற்கும் என்று விளக்கும் எழுத்து அரிது. நான் இங்கே எடுத்துக்கொள்வது அந்தக் கேள்வியைத்தான். இராசிபலனை எதிர்பார்த்து வந்தவர்கள் பொறுத்தருள வேண்டும்.

நகைக்கடையில் நாம் பார்க்கும் மோதிரத்தில் கல் தனியே எழுந்து நிற்கும். உலோக நகங்கள் அதைப் பிடித்திருக்கும். பதிகல் மோதிரம் அப்படியன்று. வளையத்தின் மேற்புறத்தில் ஒரு வாய்க்கால் வெட்டி, அதற்குள் மெல்லிய கல் துண்டுகளையோ நொறுக்கிய கல்லையோ நிரப்பி, பசையால் இறுக்கி, பின் கல்லையும் உலோகத்தையும் ஒன்றாகத் தேய்த்து மட்டமாக்குவார்கள். விரலால் தடவினால் கல் எங்கே முடிகிறது, வெள்ளி எங்கே தொடங்குகிறது என்று தெரியக்கூடாது. அதுவே வேலையின் நேர்த்தி.

பட்டப்படிப்பின் கடைசி ஆண்டில், வார இறுதி வெள்ளிவேலை வகுப்பு ஒன்றில் இதைக் கற்றேன். முதல் மோதிரத்தை அம்மாவுக்காகச் செய்தேன். கல்லைத் தேர்ந்தெடுக்க எனக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. மலகைட் என்னும் பச்சைக்கல். வரிவரியாக வாழையிலை போன்ற அழகு. அம்மா அதைக் கழற்றவே இல்லை. தீபாவளிக்கு முதல் வாரம், வழக்கம்போலப் புளியும் எலுமிச்சைத் தோலும் போட்டுக் குத்துவிளக்குகளைத் துலக்கினார். விளக்குகள் பளபளத்தன, மோதிரக் கல் மட்டும் சுண்ணாம்பு பூசியதுபோல் மங்கிக் கிடந்தது. "நான்தான் பார்க்காம விட்டுட்டேன்ப்பா" என்று அம்மா வருந்தினார். தவறு அவருடையது அன்று. மலகைட் ஒரு செம்புக் கார்பனேட்டு. புளியிலும் எலுமிச்சையிலும் உள்ள அமிலம் அதை அரிக்கும். பள்ளி வேதியியலில் படித்ததுதான். கடையில் நிற்கும்போது நினைவுக்கு வரவில்லை.

கல்லின் கடினத்தை அளக்க, ஜெர்மானியக் கனிமவியலாளர் பிரீட்ரிக் மோஸ் 1812இல் வகுத்த அளவுகோல் இன்றும் பயன்படுகிறது. டால்க் 1, வைரம் 10. மாணிக்கமும் நீலமும் 9. உபரத்தினங்களில் செவ்வந்திக்கல், சூதுபவளம் போன்ற படிக வகைகள் ஏறத்தாழ 7. சந்திரகாந்தக் கல் 6 முதல் 6.5, டர்க்காய்ஸ் 5 முதல் 6, லாப்பிஸ் லாசுலி 5 முதல் 5.5, மலகைட் 3.5 முதல் 4. இவற்றுள் 7 என்பது முக்கியமான எல்லை. நம் வீட்டு மேசையில் படியும் தூசியிலும் மணலிலும் படிகத் துகள்கள் உண்டு. 7க்குக் கீழே உள்ள எந்தக் கல்லையும் அவை மெல்ல மெல்லக் கீறும்.

அப்படியானால் கடினமான கல்லையே பதித்துவிடலாமே என்று தோன்றும். நானும் அப்படித்தான் எண்ணினேன். இங்கேதான் பதிகல் வேலையின் சிக்கல் இருக்கிறது. வெள்ளியின் கடினம் 3ஐ ஒட்டியது. சூதுபவளத்தையும் வெள்ளியையும் ஒரே தாளால் தேய்த்தால், கல் அசையாது. வெள்ளிதான் கரைந்து இறங்கும். கல் மேடாகவும் ஓரம் பள்ளமாகவும் நிற்கும். மலகைட்டையும் சூதுபவளத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தேய்த்தாலும் இதே கதைதான்; மென்மையான கல் குழிந்துவிடும். தேய்ப்பதற்கு இணங்கும் கல் அணிவதற்குத் தாங்காது. அணிவதற்குத் தாங்கும் கல் தேய்ப்பதற்கு இணங்காது. லாப்பிஸ், டர்க்காய்ஸ் ஆகிய இரண்டும் இடைநிலையில் இருப்பதால்தான் வெள்ளிவேலை செய்வோர் அவற்றை அதிகம் விரும்புகிறார்கள். ஆயினும் டர்க்காய்ஸ் நுண்துளைகள் கொண்டது. தேங்காயெண்ணெய், மஞ்சள், சவர்க்காரம் எல்லாவற்றையும் உறிஞ்சி நிறம் மாறும். சமையலறைக்குள் போகும் கைக்கு அது ஆகாது.

சந்திரகாந்தக் கல்லை நான் தவிர்ப்பேன். அதன் உள்ளே இயற்கையாகவே பிளவுத் தளங்கள் உண்டு. கதவில் ஓரடி பட்டால் போதும்.

நீல நிறத்தில் மலிவாகக் கிடைப்பதெல்லாம் டர்க்காய்ஸ் அல்ல. ஹவ்லைட் என்னும் வெள்ளைக் கல்லுக்குச் சாயம் ஏற்றி அப்பெயரில் விற்பது உலகெங்கும் உள்ள வழக்கம். கடைக்காரரின் அனுமதியோடு, நகப்பூச்சு அகற்றும் அசிட்டோனில் பஞ்சை நனைத்துக் கல்லின் அடிப்புறத்தில் தேய்த்துப் பாருங்கள். பஞ்சில் நீலம் ஒட்டினால் சாயம் உண்டு என்று பொருள். ஒட்டாவிட்டால் அசல் என்று உறுதி சொல்ல முடியாது. பிசின் பூசிய கல்லில் சாயம் வெளிவராமலும் இருக்கலாம்.

சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில், கோவலன் மதுரையின் மணிக்கடைத் தெருவைக் காண்கிறான். அங்கே வைரத்தைச் சொல்லும்போது இளங்கோவடிகள் காகபாதம், களங்கம், விந்து, கோடு என்னும் குற்றங்கள் நீங்கியதைத்தான் முதலில் சொல்கிறார். ஒளி அதன் பின்னரே வருகிறது. நம் பக்கத்திலேயே இன்னொரு சான்றும் உண்டு. தென் தாய்லாந்தின் குலோங் தோமில், தமிழ் பிராமி எழுத்தில் 'பெரும்பதன் கல்' என்று பொறித்த பொற்கொல்லரின் உரைகல் கிடைத்துள்ளது. காலம் கி.பி. 3 அல்லது 4ஆம் நூற்றாண்டு என்பர். அதே இடத்தில் சூதுபவள மணிகளும் கிடைத்தன. நொய்யல் கரையில் உள்ள கொடுமணல் அகழாய்விலும் சூதுபவள மணிகள், முடிவு பெறாதவை உட்பட, வெளிவந்துள்ளன. இவ்வளவு காலம் மண்ணில் கிடந்தும் அந்த மணிகள் மெருகு குன்றாமல் இருப்பதைப் படங்களில் பார்த்த பிறகுதான், அம்மாவின் இரண்டாவது மோதிரத்துக்கு எனக்குக் கல் கிடைத்தது.

இம்முறை கல்லையும் வெள்ளியையும் சேர்த்துத் தேய்க்கவில்லை. சூதுபவளத்தைத் தனியே நீர் விட்டுச் சாணை பிடித்து, மெருகேற்றி, வாய்க்காலுக்கு அளவெடுத்தேன். நீர் விடுவது கல்லுக்காக மட்டுமன்று. படிகத் தூசி நுரையீரலுக்குக் கேடு, ஆகவே முகக்கவசமும் வேண்டும். பற்றவைக்கும் வேலையையும் அமிலக் குளியலையும் முன்னரே முடித்துவிட்டேன். கல் உள்ளே போன பிறகு நெருப்பைக் காட்டக்கூடாது. கல்லின் மேற்பரப்பை வெள்ளி விளிம்புக்கு ஒரு மயிரிழை கீழே இருத்தினேன்; இடிபடுவது உலோகமாக இருக்கட்டும். வாய்க்காலை வளையம் முழுவதும் ஓட்டாமல் மேல்பாதியோடு நிறுத்தினேன். வயதாக ஆக விரல் பருக்கும். அடிப்பாதி வெறும் வெள்ளியாக இருந்தால் அங்கே அறுத்துப் பெரிதாக்கலாம். ஒரு நாள் முழுவதும் பசை காயவிட்டேன்.

அம்மா அந்த மோதிரத்தோடு இரண்டு தீபாவளிகளுக்கு விளக்குத் துலக்கிவிட்டார். மங்கிப்போன பச்சை மோதிரத்தை மறுபடி மெருகேற்றித் தருகிறேன் என்று கேட்டுப் பார்த்தேன், தரவில்லை. கோயிலுக்குப் போகும்போது மட்டும் அதைப் போட்டுக்கொள்கிறார்.