மழைக்காலத்துக்கு முன் மூத்தோரின் வீட்டைத் தயார்செய்யுங்கள்

டிசம்பர் முதல் மார்ச் மாதத் தொடக்கம் வரை சிங்கப்பூரில் வடகிழக்குப் பருவமழைக் காலம். துணிகளை வீட்டுக்குள் காயப்போடுகிறோம். ஈரக் குடையும் உள்ளே வருகிறது. தரையில் சொட்டும் நீரில் மூத்தோர் வழுக்கி விழலாம். இடுப்பு எலும்பு முறிந்தால், பழையபடி நடக்க முடியாமலும் போகலாம்.

உங்கள் அம்மா இரவில் படுக்கையிலிருந்து கழிவறைக்குச் செல்லும் வழியில் நீங்களே நடந்து பாருங்கள். விளக்கின் சுவிட்ச் கைக்கு எட்டுகிறதா? பழைய துணியைக் கால்மிதியாகப் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள்.

கழிவறையில் துண்டு மாட்டும் கம்பி உடல் எடையைத் தாங்காது, கைப்பிடி தேவை. வீவக வீட்டில் வசிக்கும் 65 வயது அல்லது அதற்கு மேற்பட்ட சிங்கப்பூரர்களுக்கு ‘ஈஸ்’ திட்டத்தின்கீழ் மானியம் உண்டு. “நான் கவனமாகத்தான் நடக்கிறேன்” என்று அம்மா சொன்னாலும் தள்ளிப்போடாதீர்கள்.

ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து உட்கொள்பவர் விழுந்து தலையில் அடிபட்டால், வலி இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.